கையை எங்கே வைப்பது, உதைப்பை என்ன செய்வது: பிஸ்டல் சுடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பக்கத்து லேனில் நிற்பவர் கேட்பது, புதிதாகச் சேர்ந்தவர் கேட்பது, பல வருடமாகச் சுடுபவர் யாரும் இல்லாத நேரம் பார்த்து மெல்ல வந்து கேட்பது எல்லாமே கடைசியில் இந்தச் சில கேள்விகளுக்குள்தான் சுற்றுகிறது. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

வலது கைக்காரரை மனதில் வைத்து எழுதியது. இடது கைக்காரர்கள் திருப்பிப் படித்துக்கொள்ளுங்கள், இதற்குள் பழகியிருப்பீர்கள். ஒற்றைக் கை என்று சொன்னால் ஒலிம்பிக் வகைப் போட்டிகள்: 10 மீட்டர் ஏர் பிஸ்டல், 25 மீட்டர் பிஸ்டல், ரேபிட் ஃபயர். இரட்டைக் கை என்றால் ஐ.பி.எஸ்.சி. போன்ற, இடம் மாறி மாறிச் சுடும் பிராக்டிகல் போட்டிகள். உதைப்பு என்பது சுட்டதும் துப்பாக்கி பின்னால் தள்ளி மேலே எகிறுவது. சைட் என்பது குறிபார்க்கத் துப்பாக்கியின் மேலே இருப்பது: முன்னால் ஒரு முனை, பின்னால் ஒரு பிளவு. டிரை ஃபயர் என்பது தோட்டா இல்லாமல் ட்ரிகர் இழுத்துப் பழகுவது. அதைத் தொடங்கும் முன் மேகசினையும் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) சேம்பரையும் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) இரண்டு தடவை பாருங்கள், பாதுகாப்பான திசையில் பிடியுங்கள், தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. இதை இனி ஒவ்வொரு பதிலிலும் சொல்லப்போவதில்லை.

கையை முழுசா நீட்டிடணுமா, இல்ல முழங்கையைக் கொஞ்சம் மடக்கி வெச்சுக்கலாமா?

ஒற்றைக் கை என்றால் முழுக்க நீட்டுங்கள். முழங்கை மடங்கியிருந்தால் அந்தக் கோணத்தைப் பிடித்து வைக்கவே தசைகள் உழைத்துக்கொண்டிருக்க வேண்டும், ஷாட்டுக்கு ஷாட் அந்தக் கோணம் கொஞ்சம் மாறும், உதைப்பு வரும்போது அந்த மூட்டு எந்தப் பக்கம் விட்டுக்கொடுக்கும் என்று உங்களுக்கே தெரியாது. நீட்டிய கையில் அந்த ஒரு தலைவலி குறைகிறது. ஆனால் நீட்டுவது வேறு, முறுக்கி அடைப்பது வேறு. சிலருக்கு முழங்கை நேர்கோட்டைத் தாண்டிப் பின்பக்கமாகவே வளையும், அவர்கள் கை நேராகிற இடத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முழங்கையைப் பற்றிக் கேட்கிற அளவுக்குத் தோளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கையைத் தூக்கும்போது தோளும் சேர்ந்து காதை நோக்கி ஏறிவிடும், அதுவும் மேட்சின் பிற்பகுதியில் கை களைத்த பிறகு நிச்சயமாக ஏறும். தோள் ஏறினால் கண்ணுக்கும் சைட்டுக்கும் உள்ள உயரம் மாறும், தலை அதற்கேற்பச் சாயும், அப்புறம் மணிக்கட்டு அதைச் சரிசெய்யப் பார்க்கும். கையை நீட்டி நின்றபடி, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் தசையை மற்றொரு கை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லு மாதிரி இருந்தால் தோள் ஏறியிருக்கிறது. தோள்பட்டை எலும்பை முதுகோடு கீழே இறக்கிவிட்டு, அதன் பிறகு கையைத் தூக்குங்கள்.

இரட்டைக் கைக்கு விடை வேறு. அது பின்னால் வருகிறது.

எங்க போய் நிக்கணும், கால் எப்படி வைக்கணும்? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு கோணம் சொல்றாங்க.

எல்லோரும் சொல்வது அவரவருக்குச் சரி. ஒரு கோச் சொல்லும் டிகிரியை விட உங்கள் உடம்பு எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதுதான் கணக்கு. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, எடையை இரண்டிலும் சமமாக விட்டு, கையை இலக்கை நோக்கித் தூக்குங்கள். கண்ணை மூடுங்கள், தோளைத் தளர்த்துங்கள், இரண்டு மூச்சு விடுங்கள், கண்ணைத் திறங்கள். சைட் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் இயல்பான திசை.

சைட் இலக்கின் வலப்பக்கம் நின்றால் கையை இடப்பக்கம் தள்ளிச் சரிசெய்யாதீர்கள், காலைத்தான் நகர்த்த வேண்டும். பின்னங்காலை ஒரு விரல்கடை நகர்த்தினாலே சைட் நகர்வது தெரியும். கையால் இழுத்துச் சரிசெய்தவர் ட்ரிகர் இழுக்கும் நொடியில் கவனம் அங்கே போனதும், கை தன் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். உதைப்புக்குப் பிறகும் அங்கேதான் போய் நிற்கும். பின்னால் வருகிற பாதிக் கேள்விகளுக்கு வேர் இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

சுடாத கையைப் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ செருகி வையுங்கள். தொங்கவிட்டால் அது சும்மா இருக்காது.

கை ஆடிக்கிட்டே இருக்கு. இதை எப்படி நிறுத்துறது?

நிறுத்த முடியாது. நீட்டிய கையில் வினாடிக்கு 8 முதல் 12 முறை வரை ஒரு நுண்ணிய நடுக்கம் இருக்கும், அது ஆரோக்கியமான உடம்பின் இயல்பு. ஒலிம்பிக் இறுதிச்சுற்றில் நிற்பவருக்கும் கை ஆடும். அவர் ஆட்டத்தின் வட்டம் சிறியது, அவர் அதைக் கண்டு பதறுவதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

எந்த ஆட்டம் பாதிக்கும், எது பாதிக்காது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏர் பிஸ்டல் இலக்கில் 10-ன் வட்டம் 11.5 மி.மீ. விட்டம், பெல்லட் (ஏர் பிஸ்டலின் சிறு குண்டு) 4.5 மி.மீ. வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே 10 என்பதால், நடுவிலிருந்து 8 மி.மீ. விலகினாலும் உங்களுக்கு 10 கிடைக்கும். முன் சைட்டும் பின் சைட்டும் ஒழுங்காக ஒரே கோட்டில் இருந்து, கை முழுவதும் அப்படியே 5 மி.மீ. இடம்வலமாக நகர்ந்தால் குண்டும் 5 மி.மீ. தான் நகரும், அதாவது 10 போகாது. அதே நேரம் மணிக்கட்டு லேசாகத் திரும்பி, பின் சைட்டின் பிளவுக்குள் முன் சைட் வெறும் 1 மி.மீ. ஒதுங்கினால் என்ன ஆகும்? இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 32 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டரில் அது 31 மி.மீ. ஆகிவிடும். அது 7. தோளிலிருந்து வரும் ஆட்டத்தை மன்னித்துவிடலாம், மணிக்கட்டிலிருந்து வருவதை மன்னிக்கவே முடியாது. அதனால்தான் கண் இலக்கில் இல்லாமல் முன் சைட்டில் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

ஒன்று மட்டும்: மேலேயிருந்து இறக்கி நிறுத்திய பிறகு பத்து வினாடிக்குள் ஷாட் போகவில்லை என்றால் கையை இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் கண்ணும் கையும் இரண்டுமே கெடும், "இப்ப வந்துடும், இப்ப வந்துடும்" என்று பிடித்துக்கொண்டு நின்று கடைசியில் படக்கென்று இழுத்த ஷாட்டுகள்தான் 6, 7 ஆகப் போகின்றன.

பிடியை எவ்வளவு இறுக்கமா பிடிக்கணும்?

கேட்பவர் எதிர்பார்ப்பது ஒரு எண். என்னால் சொல்ல முடிவது ஒரு முறை. துப்பாக்கியை நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள், ஒரு கட்டத்தில் கை வெளிப்படையாக நடுங்கத் தொடங்கும். அங்கிருந்து நடுக்கம் நிற்கும்வரை குறையுங்கள். ஒற்றைக் கைக்கு அந்த இடம்தான்.

அளவை விட முக்கியம் அழுத்தம் எந்தத் திசையில் போகிறது என்பது. நடுவிரலும் மோதிர விரலும் கைப்பிடியை நேராகப் பின்னுக்கு, உள்ளங்கையின் அடிப்பகுதியை நோக்கி இழுக்க வேண்டும். சுண்டுவிரல் சும்மா கூட இருக்கலாம். பெருவிரல் அழுத்தினால் துப்பாக்கி பக்கவாட்டில் திரும்பும். மணிக்கட்டு மட்டும் பூட்டியிருக்க வேண்டும், அதில் சமரசம் கிடையாது. ட்ரிகர் விரல் இந்தக் கூட்டத்தில் சேரக் கூடாது: மற்ற விரல்கள் பிடித்திருக்க, அது மட்டும் தனியாக முன்னும் பின்னும் போய் வர வேண்டும். ஏர் பிஸ்டலில் ட்ரிகர் எடை குறைந்தபட்சம் 500 கிராம், 25 மீட்டர் போட்டிகளில் 1000 கிராம், ஆக விரலுக்குப் பெரிய பலமே வேண்டியதில்லை.

இன்னொன்று, கை எவ்வளவு உயரத்தில் பிடித்திருக்கிறது என்பது. குழல் கைக்கு மேலே இருப்பதால்தான் உதைப்பில் துப்பாக்கியின் மூக்கு மேலே எகிறுகிறது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பிளவு கைப்பிடியின் உச்சியில் இடைவெளி இல்லாமல் அடைந்திருந்தால் எகிறுவது குறையும். கொஞ்சம் கீழே பிடித்தால் சும்மா கிடைக்கிற ஒரு உதவியை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள்.

மணிக்கட்டுக்கு பேண்ட் கட்டிக்கலாமா? ஸ்டெடியா இருக்குமே.

ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் கூடாது. சுடும் கையின் மணிக்கட்டு எந்தத் தாங்கலும் இல்லாமல் வெளியே தெரிய வேண்டும், அந்தக் கையில் கடிகாரம், காப்புகூட அனுமதியில்லை. பயிற்சியிலும் வேண்டாம், போட்டியில் கழற்ற வேண்டிய ஒன்றைப் பழகி என்ன பயன்.

உதைப்பை அடக்கணும்னா கை பலமா இருக்கணும்ல? ஜிம்முக்குப் போகட்டுமா?

போங்கள், நல்லதுதான், ஆனால் இந்தக் காரணத்துக்காகப் போகாதீர்கள். 9 மி.மீ. தோட்டாவின் குண்டு குழலை விட்டு வெளியேற ஒரு மில்லி வினாடிகூட ஆகாது. கண்ணால் பார்த்ததற்குக் கை பதில் சொல்லவே சாதாரணமாக 200 மில்லி வினாடி வேண்டும். ஆக, குண்டு குழலுக்குள் இருக்கும்போது உதைப்பை "அடக்கிய" மனிதர் உலகத்தில் யாரும் இல்லை. குண்டு சுமார் 8 கிராம், துப்பாக்கி ஒரு கிலோ. குண்டு குழலைக் கடந்து முடிக்கும்போது துப்பாக்கி பின்னால் நகர்ந்திருப்பது ஓரிரு மில்லிமீட்டர்தான். நீங்கள் பார்க்கும் அந்தப் பெரிய எகிறல் குண்டு போன பிறகு நடக்கும் கதை.

அப்படியானால் உதைப்புக் கட்டுப்பாடு என்று எதைச் சொல்கிறோம்? துப்பாக்கி எகிறிவிட்டு அதே இடத்துக்கு, அதே வழியில், நீங்கள் தள்ளாமலே திரும்பி வருவதை. பலமில்லாத ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும் கையில் சைட் திரும்பி வந்து நிற்கும். பலமான, ஆனால் ஷாட்டுக்கு ஷாட் மாறும் கையில் அது ஒவ்வொரு முறையும் வேறு இடத்துக்கு வரும், அதைத் தேடிப்பிடிக்கவே நேரம் போய்விடும். உடற்பயிற்சி உதவுவது இங்கேதான்: அறுபதாவது ஷாட்டிலும் பிடி முதல் ஷாட்டில் இருந்த மாதிரியே இருக்க, முன்கைக்கும் தோளுக்கும் தாக்குப்பிடிக்கும் சக்தி வேண்டும்.

ஏர் பிஸ்டல்ல உதைப்பே இல்லையே, எனக்கு எதுக்கு இதெல்லாம்?

குறைவுதான். எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால், அரை கிராம் பெல்லட் வினாடிக்கு 150 மீட்டரில் போவதை 1 என்று வைத்தால், .22 லாங் ரைபிள் ஏறக்குறைய 11, 9 மி.மீ. ஏறக்குறைய 34. வெடிமருந்து வாயுவின் பங்கைச் சேர்க்காமலே இவ்வளவு.

ஆனால் பெல்லட் மெதுவாகப் போகிறது என்பதால் குழலுக்குள் அது அதிக நேரம் இருக்கிறது, அந்த நேரத்தில் நீங்கள் செய்யும் குளறுபடி எல்லாம் இலக்கில் அப்படியே தெரியும். ஷாட் போன பிறகும் ஒன்றிரண்டு வினாடி கையை இறக்காமல், சைட்டைப் பார்த்தபடியே நில்லுங்கள். சிலர் ட்ரிகர் விழுந்ததும் மதிப்பெண் காட்டும் மானிட்டரைப் பார்க்கத் தலையைத் திருப்புவார்கள், கொஞ்ச நாளில் தலை ட்ரிகருக்கு முன்பே திரும்ப ஆரம்பித்துவிடும். ஏர் பிஸ்டலில் நிலையை ஒழுங்காகப் பழகியவர் .22-க்கு மாறும்போது சிரமப்படுவது குறைவு.

குண்டெல்லாம் கீழே, இடது பக்கமாவே விழுது. சைட்டை மாத்தட்டுமா?

மாற்றாதீர்கள். முதலில் துப்பாக்கியைத் தாங்கலில் வைத்து, நிதானமாக ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். அங்கே நடுவில் விழுந்தால் சைட் சரி, கோளாறு உங்களிடம். வலது கைக்காரருக்குக் கீழ்-இடது என்றால் பெரும்பாலும் உதைப்பு வருவதற்கு முன்பே அதை எதிர்த்துத் தள்ளுகிறீர்கள், இல்லை ட்ரிகரோடு சேர்த்துக் கை முழுவதையும் பிசைகிறீர்கள். மூளை உங்களைக் காப்பாற்ற நினைத்துச் செய்கிற வேலை இது, திட்டினால் போகாது.

கண்ணால் பார்க்க ஒரு வழி: நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு மூன்று டம்மி தோட்டாக்களை உங்களுக்குத் தெரியாமல் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது சத்தமும் இருக்காது, உதைப்பும் இருக்காது, ஆனால் துப்பாக்கியின் மூக்கு குபுக்கென்று கீழே இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். முதல் தடவை பார்க்கும்போது நம்பவே மாட்டீர்கள், துப்பாக்கியில் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். டம்மியில் சைட் அசையாமல் நிற்கும்வரை இதையே செய்யுங்கள். காதுக்குள் வைக்கும் அடைப்பான், அதற்கு மேல் காதுக் கவசம் என்று இரண்டையும் போட்டுப் பாருங்கள், பலருக்குப் பாதி பயம் சத்தத்தைப் பார்த்துத்தான்.

குண்டு எங்கே விழுந்தால் என்ன தவறு என்று கடிகார முகம் மாதிரி ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கும். அது ஒற்றைக் கை, வலது கைக்காரருக்காகப் போட்டது. இரட்டைக் கையில் சுடுபவர் அதை வைத்து ஜாதகம் பார்க்க வேண்டாம்.

ரெண்டு கையால பிடிக்கும்போது முழங்கையை லாக் பண்ணணுமா?

பண்ணாதீர்கள். ஒற்றைக் கையில் ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே கையை இறக்கி ஓய்வெடுக்க நேரம் இருக்கிறது. இங்கே அடுத்த குண்டு கால் வினாடியில் போக வேண்டும். பூட்டிய முழங்கை உதைப்பை அப்படியே தோளுக்கும் உடம்புக்கும் கொண்டுபோகும், நீங்கள் பின்பக்கம் சாய்வீர்கள், சைட் திரும்பி வரத் தாமதமாகும். கிட்டத்தட்ட முழுக்க நீட்டி, கடைசியில் சிறிது மடக்கம் விடுங்கள். முழங்கைகள் தரையைப் பார்க்காமல் சற்று வெளிப்பக்கம் பார்க்கட்டும். தோள் கீழே, உங்கள் மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் அளவுக்கு உடம்பு முன்னே. எடை குதிகாலில் இருந்தால் மற்ற எல்லாம் வீண்.

வீவர் ஸ்டான்ஸா, ஐசோசிலிஸா?

ஜாக் வீவர் 1950-களின் கடைசியில் ஒரு காலைப் பின்னே வைத்து, வலது கையால் தள்ளி இடது கையால் இழுத்துச் சுட்டு ஜெயித்தார், இரண்டு கையையும் சேர்த்துப் பிடிப்பதே அப்போது புதுசு. 1980-களின் தொடக்கத்தில் ராப் லேதம், பிரையன் ஈனோஸ் போன்றவர்கள் இலக்கை நேராகப் பார்த்து நின்று இரண்டு கையையும் சமமாக நீட்டிச் சுட ஆரம்பித்தார்கள். இன்று பிராக்டிகல் போட்டிகளில் மேல்வரிசையில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அந்த ஐசோசிலிஸ் வழிதான்.

காரணம் எளிது. தள்ளுவதும் இழுப்பதும் சமமாக இருக்கும்வரை வீவர் நன்றாக வேலை செய்யும், அவசரத்தில் ஏதாவது ஒரு கை கூடக் குறையச் செய்தால் சைட் கோணலாக எழும்பும். இரண்டு கையும் ஒரே வேலையைச் செய்யும்போது அந்தத் தகராறு குறைவு. இன்னும் வீவரில் நன்றாகச் சுடுபவர் இருந்தால் அவரை மாற்றச் சொல்ல மாட்டேன். புதிதாகத் தொடங்குபவருக்கு ஐசோசிலிஸ் சொல்லிக்கொடுப்பேன்.

இடது கை என்ன வேலை செய்யணும்? சும்மா தாங்கிப் பிடிச்சா போதுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் இடது கை பெரும்பாலும் மேகசினின் அடியில் தட்டு மாதிரி இருக்கும். அங்கே அது துப்பாக்கியின் எடையைத் தாங்குகிறது, உதைப்புக்கு எந்த உதவியும் செய்வதில்லை. வலது கை பிடித்த பிறகு கைப்பிடியின் இடப்பக்கத்தில் ஒரு காலி இடம் தெரியும், இடது உள்ளங்கையின் அடிப்பகுதி அந்த இடத்தை அடைக்க வேண்டும். விரல்கள் வலது கை விரல்களின் மேல், ட்ரிகர் கார்டுக்கு அடியில் ஒட்டியபடி. இடது மணிக்கட்டு கீழ்நோக்கி முன்னே சாய்ந்து பூட்டியிருக்கட்டும், இரண்டு பெருவிரலும் இலக்கைப் பார்க்கட்டும். பெருவிரல் ஸ்லைடை (சுடும்போது பின்னால் போய் வரும் மேல்பகுதி) அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அழுத்தினால் ஸ்லைடு முழுக்கப் போகாமல் சிக்கும். அதைவிட முக்கியம், இடது பெருவிரல் ஸ்லைடின் பின்னால் குறுக்கே போகவே கூடாது, வெட்டும்.

வலது கை முன்னும் பின்னுமாக அழுத்தும், இடது கை இரண்டு பக்கமும் நெரிக்கும். பலமாகப் பிடிக்க வேண்டியது இடது கைதான். வலது கை இறுகினால் ட்ரிகர் விரலும் சேர்ந்து இறுகி மெதுவாகிவிடும்.

சைட் மேலே போய்ட்டு வலது பக்கமா இறங்குது. நேரா வர மாட்டேங்குது.

முதலில், இதைப் பார்க்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். ட்ரிகர் விழும்போது கண் மூடாதவர்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

இரட்டைக் கையில் இடது உள்ளங்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள், முந்தின பதிலில் சொன்ன அந்தக் காலி இடம் அடையவில்லை என்றால் ஒரு பக்கம் தாங்கலில்லாமல் துப்பாக்கி திரும்பும். ஒரு மேகசினுக்குள்ளேயே இடது கை நழுவி, நீங்கள் திரும்பத் திரும்பப் பிடியைச் சரிசெய்துகொண்டிருந்தால் பிரச்சினை அதுதான். ஒற்றைக் கை என்றால் கால் நிலையைப் பற்றிச் சொன்னதற்குத் திரும்பிப் போங்கள், கண்ணை மூடித் திறந்து சோதியுங்கள். துப்பாக்கி உடம்பின் இயல்பான திசைக்குத்தான் திரும்பும்.

பயிற்சிக்கு, இலக்கே இல்லாமல் வெறும் மண்மேட்டை நோக்கி ஒரு மேகசின் சுடுங்கள். மதிப்பெண் கிடையாது. முன் சைட் எந்தக் கோட்டில் எழும்புகிறது, எங்கே போய் நிற்கிறது, எப்படி இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள். இலக்கு இருந்தால் கண் ஓட்டையைத் தேடிப் போய்விடும்.

ரேபிட் ஃபயர்ல 8 வினாடி சீரிஸ் ஓகே, 4 வினாடில கை எங்கேயோ போயிடுது.

அஞ்சு இலக்கு, அஞ்சு குண்டு, 8, 6, 4 வினாடி. கை செங்குத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் உயராமல் கீழ்நோக்கி இருக்கும் நிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். 4 வினாடியில் முதல் குண்டுக்கே ஒன்றரை வினாடிக்கு மேல் போய்விட்டால் மீதி நான்குக்கும் ஆளுக்கு அரை வினாடி சொச்சம்தான். அதனால் எல்லோரும் கையைப் படாரென்று தூக்குகிறார்கள், தூக்கிய வேகத்தில் அது இலக்கைத் தாண்டிப் போய் ஆடி அடங்குவதற்குள் நேரம் முடிகிறது. தொடக்கத்தில் வேகமாகத் தூக்கி, இலக்கின் அடிப்பக்கம் வரும்போது வேகத்தைக் குறையுங்கள். ட்ரிகரின் முதல் அழுத்தம் கை எழும்பும்போதே தொடங்கிவிட வேண்டும், போய் நின்ற பிறகு தொடங்கினால் தாமதம்.

இலக்குகளின் மையங்களுக்கு நடுவே 75 செ.மீ. 25 மீட்டரில் அது இரண்டு டிகிரிக்கும் குறைவு, அஞ்சுக்கும் சேர்த்தே ஏழு டிகிரி சுமார். இவ்வளவு சின்னத் திருப்பத்துக்குத் தோளை அசைத்தால் ஒவ்வொரு இலக்கிலும் கையின் நிலை மாறும். பீரங்கி வண்டியின் மேல்பகுதி திரும்புகிற மாதிரி, இடுப்புக்கு மேல் தலை, தோள், கை எல்லாம் ஒரே துண்டாகத் திரும்பட்டும். இயல்பான திசையை நடு இலக்குக்கு வைத்தால் இரண்டு பக்கமும் சமமாகத் திரும்பினால் போதும். உதைப்பின் எகிறலிலேயே அடுத்த இலக்குக்கு நகர்ந்துவிடுங்கள், இறங்கும்போது சைட் அங்கே இறங்கட்டும். பழைய இலக்குக்குத் திரும்பி வந்து பிறகு நகர்ந்தால் இரட்டை வேலை.

முன்பு இந்தப் போட்டியை .22 ஷார்ட் தோட்டாவில் சுட்டார்கள், உதைப்பு மிகக் குறைவு. 2005 முதல் .22 லாங் ரைபிள்தான். பழைய ஆட்கள் 4 வினாடியை எளிதாகச் சொன்னால் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கனமான துப்பாக்கி, லேசான தோட்டா, வேற ஸ்பிரிங்... எதை மாத்தினா உதைப்பு குறையும்?

எல்லாமே கொஞ்சம் குறைக்கும், விதி விடுகிற வரைக்கும். ஏர் பிஸ்டல் 1500 கிராமுக்கு மேல் போகக் கூடாது, 25 மீட்டர் பிஸ்டல் 1400 கிராம். ஐ.பி.எஸ்.சி.யில் தோட்டாவின் சக்திக்கே கீழ்வரம்பு உண்டு: குண்டின் எடையை கிரெயினிலும் (குண்டை எடைபோடும் சிறு அலகு) வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்து, பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் மைனர் என்ற கீழ்ப்பிரிவுக்கு 125 வர வேண்டும். 124 கிரெயின் குண்டு 1050 அடியில் போனால் 130. இன்னும் மென்மையாக்கலாம் என்று மிகவும் கிட்டே போய், சோதனையில் 125-க்குக் கீழே வந்தால் அந்தப் போட்டியில் மதிப்பெண்ணே கிடையாது. கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

கனம் கூடினால் எகிறல் குறையும், கை சீக்கிரம் களைக்கும். கடைசிப் பத்து ஷாட்டில் உங்கள் தோள் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு எடையைக் கூட்டுங்கள். பிடி நிலைக்காத வரை எதையும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து, கேட்டவர்களில் பெரும்பாலோர் எப்படியும் வாங்கிவிட்டார்கள்.

நான் வலது கைக்காரன், ஆனா இடது கண்தான் மாஸ்டர். கையை மாத்தணுமா?

மாஸ்டர் என்றால் குறிபார்க்கும்போது மூளை நம்பும் கண். இரட்டைக் கையில் இது பிரச்சினையே இல்லை, துப்பாக்கியைச் சிறிது இடக்கண் பக்கம் கொண்டுவாருங்கள், தலையைச் சாய்க்காமல் சற்றுத் திருப்புங்கள், முடிந்தது. ஒற்றைக் கையில் இலக்கை இன்னும் நேராகப் பார்த்து நின்றால் கை மூக்குக்கு நேரே வந்துவிடும், இடக்கண் சைட்டில் உட்காரும். கழுத்து வலித்தால் நிலை தவறு. இல்லாவிட்டால் இடக்கண்ணை மறைத்து வலக்கண்ணால் பழகலாம், பலர் அப்படிச் சுடுகிறார்கள்.

கையையே மாற்றுவது கடைசி வழி, ஆனால் முடியாதது இல்லை. ஹங்கேரியின் கரோலி தகாச் 1938-ல் ராணுவப் பயிற்சியில் கையெறி குண்டு வெடித்து வலது கையில் படுகாயமடைந்தார். இடது கையில் பழகி 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி இரண்டிலும் ரேபிட் ஃபயரில் தங்கம் வாங்கினார். உங்களுக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

முழங்கையில வெளிப்பக்கமா வலிக்குது. விடாம சுடலாமா?

கூடாது, நிறுத்தி ஆறவிட்டுச் சுடுங்கள். முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில், கதவுக் கைப்பிடியைத் திருகும்போதும் வலித்தால் டென்னிஸ் எல்போவாக இருக்கலாம், மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். மாதக்கணக்கில் வலித்தபடியே சுட்டுவிட்டு வருபவர்களுக்கு ஆறவும் மாதக்கணக்கு ஆகிறது. காரணம் தேடினால் பெரும்பாலும் பிடி தேவைக்கு மேல் இறுக்கம், இல்லை முழங்கையைப் பின்பக்கம் வளைத்து அடைப்பது, இரண்டையும் மேலே சொல்லியாகிவிட்டது. டிரை ஃபயரையும் சேர்த்து நிறுத்த வேண்டும், அதிலும் பிடிப்பது அதே கைதான்.

டிரை ஃபயர்ல சைட் ஒரு துளி அசையல. குண்டு போட்டதும் எல்லாம் போச்சு. ஏன்?

குண்டு இல்லை என்று கைக்குத் தெரியும், அதனால். டிரை ஃபயரில் நீங்கள் பிடிக்கும் அழுத்தமும் ரேஞ்சில் பிடிக்கும் அழுத்தமும் ஒன்றா என்று நேர்மையாகப் பாருங்கள், பலர் வீட்டில் தளர்வாகப் பிடித்து மெதுவாக இழுத்துவிட்டு ரேஞ்சில் வேறு ஆளாக மாறிவிடுகிறார்கள். டம்மி கலக்கும் பயிற்சியைத்தான் இதற்கும் சொல்வேன், கூடவே ரேஞ்சில் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் சில டிரை ஷாட்டுகள். கடைசியில் செய்யும் டிரை ஷாட்டில் மூக்கு இறங்கினால் அன்றைக்குக் கற்றுக்கொண்டது பயம்தான், அடுத்த நாள் குண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ரெட் டாட் போட்டிருக்கேன். சுட்டதும் டாட் மேலே போய், திரும்பி வந்து, கீழே ஒரு குதி குதிச்சுட்டுதான் நிக்குது. இது ஃபிளிஞ்சா?

ரெட் டாட் என்பது முனைக்கும் பிளவுக்கும் பதிலாகக் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டும் சைட். ஃபிளிஞ்ச் என்று நாம் சொல்வது ஷாட்டுக்கு முன்னால் தள்ளுவது, நீங்கள் சொல்வது ஷாட்டுக்குப் பின்னால். முதல் குண்டு சரியாக விழுந்திருந்தால் ஃபிளிஞ்ச் இல்லை. எகிறிய துப்பாக்கியை நீங்கள் வேண்டுமென்றே கீழே இழுக்கிறீர்கள், அது தானாக வரும் வேகத்தோடு உங்கள் இழுப்பும் சேர்ந்து இலக்கைத் தாண்டிப் போகிறது. இரண்டாவது குண்டு எப்போதும் முதலாவதுக்குக் கீழே விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் உறுதி. சாதாரண சைட்டிலும் இது நடக்கும், டாட் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

மருந்து, குறைவாகச் செய்வது. இரண்டு இரண்டாகச் சுடுங்கள், இரண்டாவது குண்டுக்கு டாட்டைக் கீழே கொண்டுவர முயலாமல் இலக்கின் ஒரு சிறிய புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருங்கள், டாட் அங்கே வரும்போது இழுங்கள். முதலில் மெதுவாகத்தான் இருக்கும், டைமரைப் பார்க்காதீர்கள். சில சமயம் காரணம் துப்பாக்கியில் இருக்கும்: ஸ்லைடை முன்னே திருப்பித் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் தோட்டாவுக்கு அதிகப்படியாக இருந்தால் ஸ்லைடு முன்னே வந்து மோதும் வேகத்தில் மூக்கு தானாகவே இறங்கும். உங்கள் துப்பாக்கியை நன்றாகச் சுடும் வேறொருவரிடம் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள், அவர் கையிலும் டாட் அதே மாதிரி கீழே குதித்தால் மட்டும் ஸ்பிரிங்கைத் தொடுங்கள்.